இருக்கையில் இருத்தல்

(மட்டாஞ்சேரியில் தமிழன்பர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த மலையாளச் சொற்கள் அப்படியே விடப்பட்டுள்ளன.)



இந்த அறக்கட்டளையை ஏற்படுத்திய பெரியவரை உங்களில் பலருக்குத் தெரியும். மிளகு மண்டியில் கணக்கு எழுத வந்தவர், பின்னாளில் தாமே மண்டி வைத்தார். ஆண்டுக்கு ஒரு முறை, அறிவியல் பற்றி, தமிழில், ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் ஒருவர் பேச வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். மிகாமல் என்ற சொல்லை அடிக்கோடிட்டிருந்தாராம். கணக்குப் பிள்ளை அல்லவா.

எனக்கு எழுதி அனுப்பிய தலைப்பு ‘விண்வெளி வீரர்களின் அஞ்சா நெஞ்சம்’. மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள். அஞ்சா நெஞ்சம் என்பது சுவரொட்டிக்கு நல்ல சொல். ராக்கெட்டின் உச்சியில் படுத்திருக்கும் மனிதனுக்கு அது பொருந்துமா என்று எனக்குச் சந்தேகம். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் ராக்கெட்டுக்கு முன்னால் ஒரு படகு.

எனக்குப் பதினான்கு வயது இருக்கும். எடவப்பாதி மழை. எறணாகுளத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வரும் மாலைப் படகு, பெரிய கப்பல்கள் போகும் கால்வாயின் நடுவில் எஞ்சின் நின்றுபோயிற்று. சற்றுத் தொலைவில் ஒரு கப்பலின் ஊதல் கேட்டது. அது எங்களை நோக்கி வருகிறதா என்றுகூட யாருக்கும் தெரியாது. ஆனால் படகில் இருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள், பார்ப்பதற்காக ஒரே பக்கம் ஓடினார்கள். படகு சாய்ந்தது. தண்ணீர் விளிம்பைத் தொட்டு உள்ளே எட்டிப் பார்த்தது. அப்போது மேலே சுக்கானைப் பிடித்திருந்த ஸ்ராங்கு கத்தினார்: “இரிக்கடா எல்லாரும்!”

அவ்வளவுதான். எல்லாரும் அவரவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்கள். படகு நிமிர்ந்தது. கப்பல் வேறு வழியே போயிற்று. அது எங்களை மூழ்கடிக்க வரவேயில்லை. மூழ்கடிக்கப் பார்த்தது நாங்கள்தான்.

மலையாளத்தில் ‘இரி’ என்றால் உட்கார். தமிழில் ‘இரு’ என்றால் உட்கார் என்பதும் உண்டு, பொறு என்பதும் உண்டு, போகாதே என்பதும் உண்டு, உயிரோடிரு என்பதும் உண்டு. ராக்கெட் புறப்படும் நேரத்தில் கோளாறு வந்தால் உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் செய்ய வேண்டியது இந்த ஒரு வினைச்சொல்தான்.

1983 செப்டம்பர் 26. கஜகஸ்தானின் பைக்கனூர் ஏவுதளம். விண்வெளிக்கு முதலில் போன ககாரின் புறப்பட்ட அதே மேடை. இரவு நேரம். சோயுஸ் கலத்துக்குள் விளாதிமிர் திதோவ், கென்னடி ஸ்ட்ரெகலோவ் என்ற இருவர் வார்களால் கட்டுண்டு மல்லாந்து படுத்திருக்கிறார்கள். புறப்பட ஒன்றரை நிமிடம் இருக்கும்போது ராக்கெட்டின் அடிப்பகுதியில் ஒரு வால்வு கோளாறு செய்து எரிபொருள் கசிந்து தீப்பற்றியது. கலத்தின் மேல் உறை மூடியிருந்ததால் உள்ளே இருந்தவர்களுக்குத் தீ தெரியாது. ஏதோ வழக்கத்துக்கு மாறான அதிர்வு மட்டும்தான்.

ஆபத்து வந்தால் கலத்தை மட்டும் பிய்த்துக்கொண்டு மேலே போக, ராக்கெட்டின் தலையில் ஒரு சிறு ராக்கெட் கோபுரம் வைத்திருப்பார்கள். தப்பிப்புக் கோபுரம் என்று வைத்துக்கொள்வோம். அதை இயக்கும் பிடி உள்ளே இருக்கும் வீரரின் கையில் இருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். அந்தச் சோயுஸில் இல்லை. எத்தனை ஆண்டு பயிற்சி பெற்றிருந்தாலும், எவ்வளவு துணிச்சல்காரராக இருந்தாலும், அந்த நிமிடத்தில் திதோவும் ஸ்ட்ரெகலோவும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. தீயைப் பார்க்கக்கூடியவர்கள் கீழே, நிலவறையில் இருந்தார்கள். பொத்தான் அவர்களிடம்.

அதிலும் ஒருவரிடம் இல்லை. தனித்தனி அறைகளில் இரண்டு பேர். ஏவுதலை நடத்தும் தலைவர்கள் இருவர் அன்றைய ரகசியச் சொல்லைச் சொல்ல வேண்டும். அன்று அது ‘தினீஸ்டர்’, ஒரு நதியின் பெயர். சொல் காதில் விழுந்ததும் அந்த இரண்டு பேரும் 5 வினாடிகளுக்குள் தத்தம் பொத்தானை அழுத்த வேண்டும். ஒருவர் அழுத்தி மற்றவர் அழுத்தாவிட்டால் ஒன்றும் நடக்காது.

இந்த ஏற்பாட்டைச் சற்று நின்று பாருங்கள். ஒருவன் பயந்துபோய்த் தேவையில்லாமல் அழுத்திவிட்டால் நல்ல ராக்கெட் வீணாகும், உள்ளே இருப்பவர்கள் அடிபடுவார்கள். ஆகவே பயத்தை நான்கு பேருக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டார்கள். நான்கு பேரும் ஒரே நேரத்தில் தவறாகப் பயப்பட மாட்டார்கள் என்ற நம்பிக்கை. ஆனால் அதற்கு விலை உண்டு. விலை நேரம். அன்று தீ கம்பிவடங்களையும் எரித்துவிட்டது. தானியங்கிக் கருவிகள் செயலிழந்தன. ரேடியோ வழியாகத்தான் கட்டளை போக வேண்டியிருந்தது. தீ மூண்டதிலிருந்து கோபுரம் சீறுவதற்கு ஏறத்தாழ 20 வினாடி ஆயிற்று. கலம் பிய்த்துக்கொண்டு கிளம்பிய சில வினாடிகளில் ராக்கெட் மேடையோடு சரிந்து வெடித்தது.

திதோவும் ஸ்ட்ரெகலோவும் தங்கள் எடையைப் போல 14 முதல் 17 மடங்கு அழுத்தத்தைச் சில வினாடிகள் தாங்கினார்கள். பாராசூட் விரிந்தது. ஏவுமேடையிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் தள்ளி இறங்கினார்கள். முழுப் பயணமும் ஐந்து நிமிடமும் சில வினாடிகளும்தான். சிராய்ப்பு, வீக்கம். மருத்துவமனை தேவைப்படவில்லை. மேடை மட்டும் பல மணி நேரம் எரிந்துகொண்டிருந்தது.

இதில் எனக்குப் பிடித்த செய்தி வேறு. கலம் பிய்த்துக்கொண்டதும் தாங்கள் முதலில் செய்த காரியம் குரல்பதிவுக் கருவியை அணைத்ததுதான் என்று திதோவ் பின்னாளில் சொன்னார். காரணம், இருவரும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார்களாம். அஞ்சா நெஞ்சம் என்று தலைப்பு வைக்க நான் ஏன் தயங்கினேன் என்று இப்போது புரியும்.

இது எங்கோ சோவியத் நாட்டில் நடந்த கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். அந்தத் தீ மூண்ட 190-ஆம் நாள், 1984 ஏப்ரல் 3 அன்று, அதே பைக்கனூரிலிருந்து சோயுஸ் டி-11 புறப்பட்டது. மூன்று பேர். நடுவில் தலைவர் யூரி மாலிஷெவ். ஒரு பக்கம் பொறியாளர். மறுபக்கம் நம் ராகேஷ் சர்மா. அந்தப் பொறியாளர் யார் தெரியுமா? கென்னடி ஸ்ட்ரெகலோவ். தீயிலிருந்து பிய்த்தெறியப்பட்ட அதே ஆள்.

நாம் ராகேஷ் சர்மாவைப் பற்றி ஒரே ஒரு காட்சியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். மேலிருந்து இந்தியா எப்படித் தெரிகிறது என்று இந்திரா காந்தி கேட்ட கேள்வி, சர்மா சொன்ன பதில். பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் அது தேய்ந்தே போய்விட்டது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அதற்கு முந்தைய நிமிடங்கள். எஞ்சின்கள் பற்றவைக்கப்படுமுன் அந்தக் குறுகலான கலத்துக்குள் மூன்று பேரின் தோள்கள் ஒன்றோடொன்று இடிக்கும். அதில் ஒரு தோள், ஆறு மாதத்துக்கு முன் இதே போன்ற இருக்கையில், இதே போன்ற எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டிருந்து, கீழே நெருப்பு மூண்ட தோள். சர்மாவும் அவருக்கு மாற்றாகத் தேர்வான ரவீஷ் மல்ஹோத்ராவும் மாஸ்கோவுக்கு அருகிலுள்ள நட்சத்திர நகரத்தில் பயிற்சியில் இருந்த காலத்தில்தான் அந்த விபத்து நடந்தது. சர்மாவின் மனத்தில் என்ன ஓடியது என்று நான் கற்பனை செய்யப் போவதில்லை. 1971 போரில் மிக்-21 விமானத்தில் 21 முறை பறந்தவர் அவர். அவருக்கும் பயம் தெரிந்திருக்கும்.

ஸ்ட்ரெகலோவ் எப்படி மறுபடி ஏறினார்? அவர் இரும்பு மனிதர் என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். ஆனால் அப்படிச் சொல்வதில் ஒரு சோம்பல் இருக்கிறது. இரும்பு மனிதர்கள் பிறக்கிறார்கள் என்று நம்பிவிட்டால் மற்றவர்களுக்கு வேலை இல்லை. நான் வேறு மாதிரி நினைக்கிறேன். செப்டம்பர் 26 இரவு அவர் அறிந்தது தீயை மட்டும் அல்ல. தாம் நேரில் பார்க்க முடியாத நான்கு பேர் தங்கள் வேலையைச் செய்ததை. கோபுரம் சீறியது, உறை பிரிந்தது, பாராசூட் விரிந்தது. ஒவ்வொன்றும் சொன்னபடி நடந்தது. வீட்டுக்குள் திருடன் வந்த இரவில் தாழ்ப்பாள் தாங்கியது என்றால், மறுநாள் அந்த வீட்டுக்காரன் முன்னைவிட நிம்மதியாகத் தூங்குவான், இல்லையா?

நிதானம் என்பதை நாம் குணம் என்று நினைக்கிறோம். அது ஒரு பண்டம். வெயில் காலத்தில் உலர்த்தி வைத்தால் மழைக்காலத்தில் இருக்கும். இந்த ஊர்க்காரர்களுக்கு நான் மிளகு உலர்த்துவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பூசணம் பிடித்த பிறகு முற்றத்தில் பரப்பி என்ன பயன்? உலர்த்துகிறவர் ஒருவர், மூட்டை கட்டுகிறவர் ஒருவர், தின்கிறவர் வேறொருவர்.

குணம் அல்ல என்பதற்கு உடம்பே சாட்சி. 1972-இல் அப்பல்லோ 16 புறப்பட்டபோது ஒரே கலத்தில் இருந்த இருவரின் நாடித் துடிப்பையும் பதிவு செய்தார்கள். தலைவர் ஜான் யங்குக்கு நிமிடத்துக்கு 70. முதல் முறை போகும் சார்லஸ் டியூக்குக்கு 144. இருமடங்குக்கும் மேல். ஆனால் இருவரும் நிலாவில் இறங்கினார்கள், இருவரும் வேலையைச் செய்தார்கள். இதயம் எவ்வளவு வேகமாக அடித்தால் என்ன, கை எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

கை என்றதும் வாலி ஷிராவைச் சொல்ல வேண்டும். 1965 டிசம்பர் 12. ஜெமினி 6 கலத்தில் ஷிராவும் தாமஸ் ஸ்டாஃபோர்டும். எஞ்சின்கள் பற்றின. ஒரு வினாடிக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான், அணைந்துவிட்டன. ஆனால் உள்ளே கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. கடிகாரம் ஓடினால் ராக்கெட் மேடையை விட்டு எழும்பிவிட்டது என்று பொருள். எழும்பி எஞ்சின் நின்றால் அது மேடைமேலேயே விழுந்து வெடிக்கும். அப்படியானால் விதி தெளிவு: கால்களுக்கு நடுவே உள்ள வளையத்தை இழு, இருக்கையோடு வெளியே எகிறு. ஷிரா இழுக்கவில்லை.

ஏன்? அவர் உடம்பு கடிகாரத்தை நம்பவில்லை. ராக்கெட் எழும்பியிருந்தால் முதுகும் பிட்டமும் அதை உணர்ந்திருக்கும். உணரவில்லை. உண்மையில் நடந்தது இது: ஏவும்போது கழன்று விழ வேண்டிய ஒரு மின்செருகி அதிர்வில் முன்கூட்டியே கழன்று விழுந்து கடிகாரத்தைக் கிளப்பிவிட்டது. பிறகு சோதித்தபோது எஞ்சினுக்குள் யாரோ எடுக்க மறந்த ஒரு பிளாஸ்டிக் தூசு மூடியும் கிடைத்தது. மூன்று நாள் கழித்து, டிசம்பர் 15 அன்று, அதே ராக்கெட்டில் அதே இருவரும் போனார்கள். வளையத்தை இழுத்திருந்தால் அந்தப் பயணம் போயிருக்கும். அவர்கள் உடம்பு என்ன ஆகியிருக்கும் என்பதும் உறுதியில்லை. கலத்துக்குள் முழுக்க ஆக்சிஜன், வெளியே தள்ளுவதோ நெருப்பு.

விதியை மீறினாரா ஷிரா? ‘பதறாத காரியம் சிதறாது’ என்று நம் பழமொழி சொல்கிறது. எனக்கு அந்தப் பழமொழியோடு ஒரு சிறு தகராறு உண்டு. பைக்கனூரில் நிலவறை ஆட்கள் இன்னும் 10 வினாடி பதறாமல் இருந்திருந்தால் காரியம் மட்டுமல்ல, ஆளே சிதறியிருப்பார்கள். அங்கே அழுத்தியதால் பிழைத்தார்கள், இங்கே இழுக்காததால் பிழைத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் நேரெதிர். உள்ளே ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரிவதையும் விதியையும் உடம்பு சொல்வதையும் ஒரு வினாடியில் கூட்டிக் கழிக்கும் பழக்கம்.

சர்மா போய் வந்த அதே 1984-இல், ஜூன் 26 அன்று, அமெரிக்காவில் டிஸ்கவரி விண்ணோடம் முதல் முறையாகப் புறப்படத் தயாராக இருந்தது. ஆறு பேர். எஞ்சின்கள் பற்றத் தொடங்கின. கணினி ஒரு வால்வின் நடத்தையில் சந்தேகப்பட்டு எல்லாவற்றையும் அணைத்தது. புறப்பட நான்கு வினாடி இருந்தது. அதன்பின் மேடையில் தீ என்று செய்தி வந்தது. கதவைத் திறந்து, கம்பிவடத்தில் சறுக்கும் கூடைகளில் ஏறித் தப்பிப்பது அவர்களுக்கு வகுத்து வைத்திருந்த வழி. வார்களைக் கழற்றிவிட்டுக் கதவை நோக்கி ஓடத்தான் யாருக்கும் தோன்றும். அவர்களை உள்ளேயே இருக்கச் சொன்னார்கள். இருந்தார்கள். அரை மணிக்கு மேல் இருந்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அது ஹைட்ரஜன் தீ. ஹைட்ரஜன் எரிந்தால் பகலில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. கதவைத் திறந்து ஓடியிருந்தால் தெரியாத நெருப்புக்குள்ளேயே ஓடியிருப்பார்கள். எங்கள் படகில் எல்லாரும் ஓடிய பக்கம் நினைவுக்கு வருகிறது.

அந்த ஆறு பேரில் ஒருவர் ஜூடித் ரெஸ்னிக். ஒன்றரை ஆண்டு கழித்து, 1986 ஜனவரி 28 அன்று, வானில் சிதறிய சேலஞ்சர் விண்ணோடத்தில் இருந்த ஏழு பேரில் அவரும் ஒருவர். சேலஞ்சருக்குத் தப்பிப்புக் கோபுரம் கிடையாது. புறப்பட்ட முதல் இரண்டு நிமிடத்தில் ஆபத்து வந்தால் செய்ய எதுவும் இல்லை என்பது வடிவமைத்தவர்களுக்கே தெரியும். கடலிலிருந்து எடுத்த பொருள்களில் அவசரக் காற்றுக் கருவிகள் நான்கு கிடைத்தன. மூன்று இயக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று விமானி மைக்கேல் ஸ்மித்துடையது. அதன் விசை அவருடைய இருக்கையின் பின்புறம் இருந்தது. அவரால் எட்டித் திருப்புவது கடினம். பின்னால் இருந்த யாரோ ஒருவர் கையை நீட்டி, முன்னால் இருப்பவருக்காகத் திருப்பியிருக்க வேண்டும்.

நிதானம் அங்கேயும் இருந்தது. அதற்குப் பிடிமானம்தான் யாரும் செய்து வைக்கவில்லை. வீரர்களின் மன உறுதியைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் இதை ஏன் தாண்டிப் போகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. புகழ்ச்சி பல சமயம் பொறியாளரின் பாக்கியை வீரரின் கணக்கில் எழுதிவிடுகிறது.

பாக்கி என்றதும் நம் வீட்டுக் கணக்கையும் பார்க்க வேண்டும். 1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா, எஸ்.எல்.வி-3. கடைசி நிமிடங்களில் கணினி நிறுத்து என்றது. அப்துல் கலாம் வல்லுநர்களைக் கேட்டார், போதிய எரிபொருள் இருப்பு இருக்கிறது என்றார்கள், கணினியை மீறி ஏவினார். ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. இதை ஊர் ஊராகச் சொன்னவர் கலாமே. அன்றைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் பத்திரிகையாளர் முன் நின்று பொறுப்பைத் தாம் ஏற்ற கதைக்காக அதைச் சொல்வார். நமக்கும் அந்தப் பாதிதான் நினைவில் நிற்கிறது. மற்றப் பாதியும் கலாமின் நேர்மையால்தான் நமக்குக் கிடைத்தது: கணினி சரியாகச் சொன்னது, நான் கேட்கவில்லை.

44 ஆண்டுக்குப் பிறகு அதே ஸ்ரீஹரிகோட்டா. 2023 அக்டோபர் 21. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் நம் ககன்யான் திட்டத்துக்கான தப்பிப்பு அமைப்பை, பறக்கும்போதே பிய்த்துப் பார்க்கும் முதல் சோதனை. அதற்கு முன் 2018 ஜூலை 5 அன்று, மேடையில் இருந்தபடியே கலத்தைப் பிய்த்தெடுக்கும் சோதனை நடந்திருந்தது. 259 வினாடியில் முடிந்தது அது. சோயுஸின் 1983 இரவை ஆளில்லாமல் நடத்திப் பார்த்தது என்று அதைச் சொல்லலாம். 2023-இல் காலை 8 மணி என்றார்கள், வானிலையால் 8.45 ஆயிற்று. நாடு முழுக்கத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. ஐந்து வினாடி இருக்கும்போது கணினி நிறுத்திவிட்டது. எஞ்சின் எதிர்பார்த்தபடி பற்றவில்லை.

அன்றைய இஸ்ரோ தலைவர் சோமநாத் திரையில் வந்து, நின்றுவிட்டது, என்னவென்று பார்க்கிறோம் என்றார். மலையாளிகளுக்கே உரிய அந்தச் சலனமில்லாத குரல். (அவையில் சிரிப்பு.) போய்ப் பார்த்தார்கள், காரணத்தைக் கண்டார்கள், 10 மணிக்கு ஏவினார்கள். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் உயரத்தில் கலம் பிரிந்து, பாராசூட்டில் இறங்கி, கரையிலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் விழுந்தது. ஏவுதல் நின்ற அந்த ஒன்றேகால் மணி நேரம்தான் எனக்கு அன்றைய வெற்றியாகத் தெரிந்தது. உள்ளே ஆள் இருந்திருந்தால் அவர் செய்ய வேண்டியது என்ன? இருத்தல்.

கலம் கடலில் தலைகீழாக மிதந்தது. கடற்படையின் முக்குளிப்பவர்கள் அதை மீட்டு வந்தார்கள். இந்தச் செய்திதான் என்னை நம் ஊருக்குத் திரும்பக் கொண்டுவருகிறது. அதற்கு முன் ஒரு விலகல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘மாட்டேன்’ என்பதும் நிதானத்தின் ஒரு வகை. 2025 ஜூனில் நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா அமெரிக்க ராக்கெட்டில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது. நாள்கள் தள்ளித் தள்ளிப் போயின. ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிவு தெரிந்தபோது, சரிசெய்து, மறுபடி சோதித்த பிறகே புறப்பட வேண்டும் என்று இஸ்ரோ குழு வற்புறுத்தியதாக, கன்னியாகுமரி மாவட்டத்துக்காரரான இஸ்ரோ தலைவர் நாராயணன் பின்னர் சொன்னார். ஜூன் 25 அன்று சுக்லா புறப்பட்டார், ஜூலை 15 அன்று கடலில் இறங்கினார். அவருக்கு மாற்று வீரராகத் தயாராக இருந்தவர் நம் பாலக்காட்டு நெம்மாறாவின் பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர். மாற்று வீரருக்கு ஊர்வலம் கிடையாது. எல்லாப் பயிற்சியும் முடித்து, போகாமல் இருப்பது அவர் வேலை. ரவீஷ் மல்ஹோத்ராவைக் கேட்டால் தெரிந்திருக்கும்.

ஸ்ட்ரெகலோவும் ஒரு முறை மாட்டேன் என்றார். 1995-இல் மிர் விண்வெளி நிலையத்தில் இருந்தபோது, திட்டத்தில் இல்லாத கூடுதல் விண்நடை ஒன்றைச் செய்யச் சொன்னார்கள். ஆபத்து என்று மறுத்தார். அபராதம் விதித்தார்கள். தீயிலிருந்து வந்து ஆறு மாதத்தில் மறுபடி ஏறியவரைக் கோழை என்று யாராலும் சொல்ல முடியாது. எப்போது இருக்க வேண்டும், எப்போது போகக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சரி, நம் ஊர். மட்டாஞ்சேரிக் கரையில் நின்று பார்த்தால் எதிரே வில்லிங்டன் தீவு. பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ காயலைத் தோண்டி எடுத்த மண்ணில் எழுந்த தீவு. அங்கே கடற்படையின் கருடா விமானத் தளம். அதற்குள் நீரில் உயிர்பிழைக்கும் பயிற்சிக்கென ஒரு குளம் இருக்கிறது. 2023 பிப்ரவரி 7 அன்று இஸ்ரோவும் கடற்படையும் ககன்யான் கலத்தின் மாதிரியை அந்தக் குளத்தில் மிதக்கவிட்டு மீட்டுப் பார்த்தார்கள். எடை, உருவம், எடை குவியும் புள்ளி எல்லாம் உண்மைக் கலம் போலவே. அதன்பிறகுதான் விசாகப்பட்டினத்தில் துறைமுகத் தண்ணீருக்குக் கொண்டு போனார்கள். அந்த மாதிரி, துறைமுகத் தண்ணீருக்கு முன் கொச்சியின் ஒரு குளத்தில்தான் இறங்கியது. இதை நாம் போதிய அளவு பீற்றிக்கொள்ளவில்லை என்பது என் குறை.

அந்தக் குளத்தின் அன்றாட வேலை ஹெலிகாப்டர் ஆட்களுக்குப் பயிற்சி. கடலில் விழுந்த ஹெலிகாப்டர் பொதுவாகக் கவிழும், ஏனென்றால் கனமான எஞ்சின் மேலே. இத்தகைய பயிற்சி எந்த நாட்டிலும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான். ஹெலிகாப்டர் அறை போன்ற ஒரு கூட்டில் உட்கார வைத்து, வாரால் கட்டி, தண்ணீருக்குள் இறக்கி, தலைகீழாகப் புரட்டுவார்கள். மூக்கில் தண்ணீர் ஏறும். மேல் எது கீழ் எது தெரியாது. உடனே வாரைக் கழற்றத்தான் கை போகும். அதுதான் செய்யக் கூடாத முதல் காரியம். புரளும்போது வாரைக் கழற்றினால் உடம்பு மிதந்து, எங்கோ முட்டி, சன்னல் எந்தப் பக்கம் என்பதே போய்விடும். ஆகவே விதி: தண்ணீருக்குள் போகுமுன்பே ஒரு கையால் சன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொள். புரண்டு முடிக்கும்வரை இரு. எல்லாம் நின்ற பிறகு, பிடித்த கையை விடாமல், மற்றக் கையால் வாரைக் கழற்று. பிடித்த கை காட்டும் வழியே வெளியே வா.

2024 பிப்ரவரி 27 அன்று திருவனந்தபுரத்தில் ககன்யான் வீரர்களாக அறிவித்த நால்வரில், பிரசாந்த் நாயர், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா என எல்லாருமே விமானப்படையின் சோதனை விமானிகள். புதிய விமானம் எங்கே கெடும் என்று தேடிப் போய்ப் பார்ப்பதே சோதனை விமானியின் தொழில். ககன்யானில் இன்னும் ஆள் ஏறவில்லை. ஏறும் நாளில் நாம் அவர்கள் முகத்தைத்தான் திரையில் பார்ப்போம். என் கண் கையைத் தேடும்.

அந்தச் சட்டத்தைப் பிடிக்கும் கையைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எங்கள் ஸ்ராங்குதான் நினைவுக்கு வந்தார். அன்று கயிறு கட்டி இழுத்து எங்களைக் கரை சேர்த்தார்கள். எல்லாரும் இறங்கிப் போன பிறகும் நான் நின்றேன். அவர் அப்போதும் சுக்கானை விடவில்லை. எஞ்சின் நின்ற படகில் சுக்கான் வேலை செய்யாது. தண்ணீர் ஓடினால்தானே அதற்குப் பிடிப்பு. பள்ளிக்கூடத்தில் அந்த வாரம்தான் படித்திருந்தேன். அதிகப்பிரசங்கித்தனமாக அதைச் சொல்லி, பிறகு ஏன் விடாமல் பிடித்திருந்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் கையைப் பார்த்துக்கொண்டார். நடுங்கிக்கொண்டிருந்தது.

“கைக்கொரு இடம் வேண்டே, மோனே?” என்றார்.